சூப்பர்ஸ்போர்ட் என்று எந்த வண்டியைச் சொல்வது? கேள்வி பதில்

பெரிய பைக்குகளின் எஞ்சின் வேலை செய்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் முதல்முறை இறங்குபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். இந்த இரண்டுக்குள் வரும் கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: முழு ஃபேரிங் (எஞ்சினையும் முன்பக்கத்தையும் மூடும் உறை), தாழ்ந்த ஹேண்டில், தூக்கிய பின்சீட்டு. இதெல்லாம் இருந்தால் சூப்பர்ஸ்போர்ட்தானே? மற்ற ஸ்போர்ட் பைக்கிலிருந்து எது இதைப் பிரிக்கிறது?

ஃபேரிங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எஞ்சினைப் பாருங்கள். சூப்பர்ஸ்போர்ட் பந்தய விதியிலிருந்து பிறந்த வண்டி. 1999-ல் சூப்பர்ஸ்போர்ட் பந்தயம் உலக சாம்பியன்ஷிப் ஆனபோது, நாலு சிலிண்டர் என்றால் 600 சிசி, அதற்கு மேல் கிடையாது. அதே வருடம்தான் யமஹா ஆர்6 வந்தது. சிசியைக் கூட்ட முடியாது என்றால் பவருக்கு இருக்கும் பெரிய வழி ஆர்பிஎம்தான், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பது.

ஆனால் ஆர்பிஎம்மை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பிஸ்டன் மேலே போய், நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். அது ஓடும் தூரம் நீளமாக இருந்தால் வேகம் தாங்காமல் கனெக்டிங் ராடு போய்விடும். அதனால் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஓடும் தூரம்) குறுக்கி, போரை (சிலிண்டரின் விட்டம்) அகலமாக்கினார்கள். பிந்தைய ஆர்6-களில் போர் 67 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் வெறும் 42.5. பிஸ்டனைக் கையில் எடுத்தால் தட்டையான மூடி மாதிரி இருக்கும், பக்கச்சுவரே அதிகம் இருக்காது. அதன் மொத்த குணமும் அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் அதன் பின்னால் வருவது. அதிகமாகச் சாய்க்க வேண்டும், அதனால் ஃபுட் பெக் உயரம். முன்சக்கரத்தில் எடை விழ வேண்டும், அதனால் ஹேண்டில், முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல் கிளாம்புக்கும் கீழே. ஆர்6-ன் சீட் உயரம் 850 மில்லிமீட்டர். சிக்னலில் நிற்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். 150 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும்போது அந்த வலி இருக்காது. அந்த வேகத்துக்காக அமைத்த உட்காரும் நிலை அது.

சாலையில் ஓட்டுவதற்கென்று செய்த எஞ்சினை எடுத்து, ஃபேரிங் போட்டு, ஹேண்டிலைத் தாழ்த்தினால் அது ஸ்போர்ட் பைக். மட்டமான வண்டி என்று அர்த்தமில்லை. பிறந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

சேலம் வாசகர்: என் ஆர்15 சூப்பர்ஸ்போர்ட்டா?

இல்லை. போர் 58, ஸ்ட்ரோக் 58.7, கிட்டத்தட்ட சமம். ஒற்றை சிலிண்டர், 155 சிசி, தினமும் ஆபீஸ் போய்வரத் தாங்கும் எஞ்சின். ஆனால் அதன் சேசிஸ் அருமையானது. ட்ராக்கில் நான் சொல்லிக்கொடுப்பவர்களில் வளைவைச் சுத்தமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆர்15-ல் பழகியவர்கள்தான்.

திருச்சி வாசகர்: ஆர்சி 390?

இல்லை. அதுவும் ஒற்றை சிலிண்டர் ஸ்போர்ட் பைக்.

ஓசூர் வாசகர்: எங்கள் ஊரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310?

அதற்கும் அதே பதில். பந்தயத்தில் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதற்கென்று தனி வகுப்பில்.

கோவை வாசகர்: பழைய 600 சிசி வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. முதல் பெரிய பைக்காக வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

முதல் பெரிய பைக்காக வேண்டாம். அதையும் மீறி வாங்கினால், எஞ்சினுக்கும் முன்னால் டயரின் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருடம் 23-வது வாரம். இந்த வண்டிகள் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும். அதனால் டயர் தேயாது, ஆனால் ரப்பர் கெட்டியாகிவிடும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாங்கிய வண்டியை ட்ராக்கில் இறக்கி மூன்றாவது ரவுண்டு, வலது வளைவு. முன்சக்கரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வழுக்கியது. காறை எலும்பு முறிந்தது. அப்புறம் டயரைப் பார்த்தேன்: பட்டன்கள் அத்தனையும் புதுசு மாதிரி, வயது ஏழு வருடம். நகத்தால் அழுத்தினேன், கட்டையை அழுத்துவது போல் இருந்தது.

நாகர்கோவில் வாசகர்: யமஹாவே ஆர்7-ஐ சூப்பர்ஸ்போர்ட் வரிசையில்தான் வைத்திருக்கிறது. கம்பெனியை விட உங்களுக்குத் தெரியுமா?

கம்பெனி பெயர் வைப்பது விற்பதற்கு. நீங்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை ஏறக்குறைய ஒன்றுதான்: ஆர்6 190 கிலோ, ஆர்7 188. ஆர்7 தருவது சுமார் 73 பிஎஸ் (குதிரைத்திறன்), 8,750 ஆர்பிஎம்மில். ஆர்6 தருவது 118 பிஎஸ், ஆனால் அதற்கு 14,500 வரை முறுக்க வேண்டும். டார்க்கில், அதாவது இழுவிசையில், ஆர்7 முந்துகிறது: 6,500-லேயே 67 நியூட்டன் மீட்டர். ஆர்6-க்கு 10,500-ல்தான் 61.7 வருகிறது.

ஆர்7-ன் ஸ்ட்ரோக் 68.6. அதை 10,000-க்கு முறுக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 23 மீட்டர். ஆர்6-ஐ 16,000-க்கு முறுக்கினாலும் ஏறக்குறைய அதே வேகம்தான். இரண்டு எஞ்சினும் ஒரே எல்லையைத்தான் தொடுகின்றன. ஸ்ட்ரோக் குறுகியதால் ஆர்6-க்கு 6,000 ஆர்பிஎம் கூடுதலாகக் கிடைத்தது. ஆர்7-ன் எஞ்சின் எம்டி-07 என்ற, ஃபேரிங் இல்லாத நேக்கட் பைக்கின் எஞ்சின். நல்ல எஞ்சின், சாலைக்கு ஆர்6-ஐ விட நல்லது. ஆனால் சாலைக்காகப் பிறந்தது.

அதே வாசகர்: அப்படியானால் ஆர்9? அதன் எஞ்சினும் எம்டி-09-ல் இருந்து வந்தது. 890 சிசி, மூன்று சிலிண்டர். 2025-ல் சூப்பர்ஸ்போர்ட் உலகப் பந்தயத்தில் அதைத்தானே ஓட்டினார்கள்?

நியாயமான கேள்வி. இதில் என் பக்கம் கொஞ்சம் தளர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2022-ல் விதி மாறியது. 955 சிசி டுகாட்டி பனிகாலே வி2, ட்ரையம்ஃப் 765 எல்லாம் உள்ளே வந்தன. 600-களோடு சமமாக்கக் கட்டுப்பாடுகள் வைத்தார்கள். சூப்பர்ஸ்போர்ட் பந்தய விதியிலிருந்து பிறப்பது என்று நான்தான் சொன்னேன். விதி மாறினால் வண்டியும் மாறும்; ஆக ஆர்9-ஐ வெளியே நிறுத்த எனக்கு வழியில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தில் ஓடாத ஆர்7-ஐ அதே கதவு வழியாக உள்ளே விட மாட்டேன்.

தஞ்சாவூர் வாசகர்: இதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். கவாஸாகி இசட்எக்ஸ்-6ஆர் 636 சிசி. 600 விதியையே தாண்டுகிறதே?

தாண்டியது தெரிந்துதான். 2003-ல் சாலைக்கு 636, பந்தயத்துக்கு 599 சிசி இசட்எக்ஸ்-6ஆர்ஆர் என்று தனித்தனியாக விட்டார்கள். அந்தக் கூடுதல் சிசி சாலையில் நடு ஆர்பிஎம்மில் இழுவைக்காக. உருவம், குணம் எல்லாம் சூப்பர்ஸ்போர்ட்தான். குழப்புவது ட்ரையம்ஃப் டேடோனா. 675 அசல் சூப்பர்ஸ்போர்ட். 2024-ல் அதே பெயரில் வந்த 660 சுமார் 95 பிஎஸ் ஸ்போர்ட் பைக். பெயரை நம்பிப் பழைய வண்டியின் நினைவில் காசு கொடுக்காதீர்கள்.

சென்னை வாசகர்: இவ்வளவு நல்ல 600-கள் ஏன் நின்றுபோயின?

உயர்ந்த ஆர்பிஎம்மில் மூச்சு விட, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமாக வேண்டும். கீழ் ஆர்பிஎம்மில் அந்த இடைவெளி வழியாக எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்விடும். ஐரோப்பாவில் யூரோ 4, யூரோ 5 புகை விதிகள் இறுகியபோது அதைச் சரிசெய்யப் பெரிய செலவு; வாங்குகிறவர்களும் குறைந்திருந்தார்கள். 2020-க்குப் பின் ஐரோப்பாவில் ஆர்6 ட்ராக்குக்கு மட்டும். ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் 2024-ல் அங்கே திரும்பி வந்தபோது எனக்குச் சொந்தக்காரர் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

திருநெல்வேலி வாசகர்: நின்ஜா 300 சூப்பர்ஸ்போர்ட்டா?

இல்லை. இந்தக் கேள்வி நாலாவது தடவை. மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

வேலூர் வாசகர்: வெளிநாட்டு வண்டியை இங்கே பதிவு செய்ய என்ன வரி?

அது என் துறை இல்லை. உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

கோவை வாசகர் மறுபடியும்: போய்ப் பார்த்தேன். இசட்எக்ஸ்-6ஆர்தான், வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். முன் டயரில் 4118, பின் டயரில் 3918 என்று இருக்கிறது. பட்டன்கள் நன்றாக இருக்கின்றன. ஓட்டிக்கொண்டே கோவை வந்துவிடலாமா?

வேண்டாம். இரண்டும் 2018-ம் வருட டயர். குட்டி யானையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள். வந்ததும் முதல் வேலையாக இரண்டு டயரையும் மாற்றுங்கள். புது டயரிலும் முதல் நூறு கிலோமீட்டருக்கு அதிகம் சாய்க்காதீர்கள், மேல்பூச்சு தேய வேண்டும்.