எண்ணெய்க்குப் போன மஞ்சள்

குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் ஒரு தந்தை, மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு என்னிடம் வந்தார். மகள் வேதியியல் படிக்க விரும்புகிறாள். தாய்மாமனோ நிர்வாக ஒதுக்கீட்டிலாவது கணினிப் பொறியியலில் சேர்த்துவிட வேண்டும் என்று நிற்கிறார். ஆறுதலாகத்தான் பேசத் தொடங்கினேன். தறிகளை அடகு வைக்கப் போவதாக அவர் சொன்னதும் என் குரல் மாறிவிட்டது. ஐயா, மகள் கேட்காத படிப்புக்குச் சோறு போடும் தறியை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப் போவது மாமா அல்ல.

வேதியியலில் என்ன பிடிக்கும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். மஞ்சள் கரைத்த நீரையும் தேங்காய் எண்ணெயையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வைத்தாளாம். சற்று நேரத்தில் மேலே நின்ற எண்ணெய் மஞ்சளாகிவிட்டதாம். "நிறம் ஏன் சார் எண்ணெய்க்குப் போகுது?" என்று என்னையே கேட்டாள்.

அந்தக் கேள்வியை வைத்தே நடக்கும் ஒரு துறை உண்டு. 1960களில் யோய்ச்சிரோ இட்டோ என்ற அறிவியலாளர் தொடங்கிவைத்த எதிரோட்டக் குரோமட்டோகிராபியில், ஒன்றோடொன்று கலக்காத இரு நீர்மங்களுள் ஒன்றைச் சுழலும் குழாய்ச் சுருளுக்குள் நிறுத்தி, மற்றொன்றை அதன் வழியே ஓட்டிக் கலவையைப் பிரிப்பார்கள். வழக்கமான முறைகளில் பொருளைப் பிடித்து வைக்கும் சிலிக்கா போன்ற திடப்பொருள் உள்ளே இல்லாததால், நம் தோல் பதனிடுவோர் அறிந்த கடுக்காயின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கூட எங்கும் ஒட்டி வீணாகாமல் வெளியே வந்துவிடும்.

வேலையின் நுட்பமெல்லாம் கரைப்பானைத் தேர்வதில்தான். ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், நீர் ஆகிய நான்கையும் சம அளவில் கலந்து, பொருளைச் சிறிது இட்டு, சோதனைக் குழாயில் குலுக்கிப் பார்ப்பார்கள். இரு அடுக்குகளிலும் அது பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் 0.5 முதல் 2 வரை இருப்பது நல்லது. பொருள் நீர் அடுக்கிலேயே தங்கினால், ஹெக்சேனையும் மெத்தனாலையும் குறைத்து மற்ற இரண்டையும் கூட்டி, அதே வரிசையில் 1:5:1:5 போன்ற, முனைவு (நீரோடு ஒத்துப்போகும் தன்மை) மிகுந்த கலவைக்கு நகர்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பியூட்டனாலும் நீரும். மேலடுக்குக்கே ஓடினால் எதிர்த்திசையில் திருத்துவார்கள். குலுக்கிய அடுக்குகள் ஏறத்தாழ 30 நொடிக்குள் தெளிந்து பிரியாத கலவையை இயந்திரத்தில் ஏற்றுவதில்லை. பாட்டிலைக் குலுக்கிவிட்டுக் காத்திருந்த பெண்ணுக்கு இது புதிய வேலை அல்ல.

இந்தக் கருவி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு மருந்து, மூலிகை ஆய்வகங்களில் இடமுண்டு. பட்டத்தோடு நிறுத்தாமல் முதுநிலை வரை ஐந்தாண்டு பொறுக்க வேண்டும். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். ஐஐடி முதுநிலைக்கான ஜாம் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே அவள் படிக்கத் தொடங்கட்டும். மாமாவுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.