30 ஓட்டம் ஓடிய டர்போ டிராக் எஞ்சினை வாங்கலாமா?

மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, 1500 குதிரைத்திறன். "முப்பதே ஓட்டம்தான் ஓடியிருக்கிறது" என்று சொல்லி விற்கிறார்களாம். இன்னும் எவ்வளவு நாள் உழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் பந்தய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த முப்பதை எடை போடுவோம். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, ஏழரை வினாடியில் கடக்கும் எஞ்சின் நிமிடத்துக்குச் சராசரியாக 8000 சுற்று சுழன்றால், ஓர் ஓட்டத்துக்கு 1000 சுற்றுதான் ஆகிறது. சாலையில் நிதானமாகப் போகும் கார் 2000 சுற்று வேகத்தில் அந்த 1000 சுற்றை அரை நிமிடத்தில் முடித்துவிடும். ஆக, உங்கள் எஞ்சினின் முப்பது ஓட்டமும் அந்தக் காருக்குக் கால் மணி நேரப் பயணம். டயரைச் சூடேற்றுவதையும் தொடக்கக் கோட்டில் பூஸ்ட் (டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றிக் காத்திருப்பதையும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இவ்வளவு குறைந்த நேரத்தில் ஓர் எஞ்சின் தளர்ந்துபோகிறது என்றால், அதைத் தேய்மானம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அடி வாங்குகிறது என்றே சொல்வேன்.

அடி இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று, சுழற்சி வேகம். புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில், மேலிருந்து அழுத்திப் பிடிக்கப் பெரிதாக எதுவும் இருக்காது. பிஸ்டன் தன் வேகத்திலேயே, தன்னைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் இந்த இழுவை இரண்டேகால் மடங்காகும். ராட் போல்ட் அறுவது பெரும்பாலும் இங்கேதான். மற்றொன்று, டர்போ தரும் அழுத்தம். இது ராடை இழுக்காமல் அமுக்குகிறது, அமுக்கலை ராட் நன்றாகவே தாங்கும். அதனால்தான் எனக்கு 9500 சுற்றில் கிடைக்கும் 1500 குதிரைத்திறனைவிட, பூஸ்டைக் கூட்டி 8000 சுற்றில் கிடைப்பது பிடிக்கும். ஆனால் கடன் வேறு பக்கம் ஏறும்: சிலிண்டர் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும் அழுத்தத்தை, அதைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் ஸ்டட்களும் இடையிலுள்ள கேஸ்கெட்டும் சுமக்க வேண்டும்.

மூன்று லிட்டர் என்றதும் டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சின் நினைவுக்கு வருகிறது. வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஏழு மெயின் பேரிங், 86 மில்லிமீட்டர் துளை, அதே அளவு ஸ்ட்ரோக். 1990களில் ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று விற்ற அந்த பிளாக்கை 1000க்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோக முடிகிறது என்பதை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கலாம் என்று நம்புகிறவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

அந்த நம்பிக்கையில் நானும் ஒருமுறை ஏமாந்தேன். அதே 86 மில்லிமீட்டர் துளைக்கு, முனைகளுக்கிடையே சாலைக் காருக்கான 0.35 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பிஸ்டனின் மேல் ரிங்கைப் போட்டுப் பூட்டிவிட்டேன். பூஸ்ட் இரண்டு பாரைத் தொட்ட நாளில் ரிங் சூடேறி விரிந்து, முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டன. அதற்கு மேல் விரிய இடமில்லாமல் சிலிண்டர் சுவரை இறுக்கியது, பிஸ்டனின் மேல் விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. ராட், கிராங்க் எல்லாம் முழுசாகவே இருந்தன. ஒரு நூலளவு இடைவெளி போதாமல் எஞ்சின் போயிற்று. இப்போது 0.55க்குக் குறைத்து வைப்பதில்லை.

எரிபொருள் எது என்றும் கேளுங்கள். ஒரு பங்கு பெட்ரோலை எரிக்க எடைப்படி சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு மெத்தனாலை இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். அது ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்து, நாக்கிங் (எரிகலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வராமல் காக்கிறது. பிஸ்டனுக்கு வரம்தான். பேரிங்குக்கு அப்படி இல்லை: எரியாத மெத்தனால் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்து, அதைப் பால்போல் வெளுக்கவைக்கும். ஆயிலை மாற்றச் சோம்பல்படுகிறவரின் எஞ்சினில் பேரிங் எப்படி இருக்கும் என்று பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

டிராக் பந்தயத்தின் உச்ச வகுப்பான டாப் ஃபியூயல் கார்களில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எஞ்சினைப் பிரிக்கிறார்களே என்பீர்கள். அது நைட்ரோமீத்தேனும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்த வேறு உலகம், இதோடு ஒப்பிட வேண்டாம். என் கையில் இருந்த எஞ்சின்களில், 1000 குதிரைத்திறனுக்குள் அடக்கமாக டியூன் செய்தவை ஒரு பருவம் முழுவதும் பிரிக்காமல் ஓடியிருக்கின்றன. 1500க்கு மேல் போனவற்றில் இருபது, இருபத்தைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். பாதி நேரம் மாற்றவும் மாற்றினேன்.

எனவே விற்பவரிடம் எஞ்சின் திறனை அளந்த டைனோ தாளைக் கேட்காதீர்கள், அதை எல்லோரும் காட்டுவார்கள். கடைசிச் சில ஓட்டங்களின் பதிவைக் கேளுங்கள்: எரிபொருள் அழுத்தம் பூஸ்டோடு சேர்ந்து ஏறியதா, பாதியில் தொய்ந்ததா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கலாம், மினுங்கும் துகள் என்றால் பிஸ்டனே உருகிக் கரைந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துக் காந்தம் வையுங்கள். ஒட்டுவது எஃகு; ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் பேரிங் உலோகம் அல்லது அலுமினியம். சிலிண்டரில் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையும் உங்கள் கண்முன் நடக்கட்டும்.

இதற்கெல்லாம் அவர் சம்மதித்தால் முப்பது ஓட்டம் ஒரு குறையே இல்லை. மறுத்தால் பிளாக், கிராங்க், ஹெட் மூன்றுக்கு மட்டும் விலை பேசுங்கள்.