சடை, ஜடா, ஜடம்: கேட்டவர்களுக்குப் பதில்

மகா சிவராத்திரிக்கு நம் மொரீஷியஸின் புனித ஏரியான கங்கா தலாவ் வரை நடந்து போய் வந்த பலர் ஒரே சொல்லைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எனக்குப் பிடித்த சொல். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, கூட நடந்த போஜ்புரிக்காரர்கள் சிவன் தலைமுடியை 'ஜட்டா' என்றார்கள். அதுவும் நம் சடையும் ஒன்றா? (ரோஸ் ஹில்)

ஒன்றேதான் தங்கச்சி. எண்ணெயும் சீப்பும் படாமல் திரிதிரியாகத் திரண்ட முடிக்குச் சமஸ்கிருதத்தில் ஜடா என்று பெயர். இந்தி அதை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழில் கதா கதையானது, சபா சபையானது. அதே வழியில் ஜடா சடையானது. அவர்கள் அந்த 'ட'வை வல்லினமாக அழுத்துவார்கள், நாம் மெதுவாகச் சொல்வோம். அதனால்தான் காதுக்கு வேறு சொல் போலக் கேட்கிறது.

"ஜடம் மாதிரி உட்காராதே" என்று ஆயா திட்டுவார். அது இதிலிருந்து வந்ததா? (காத்ர் போர்ன்)

இல்லை தம்பி. உணர்வில்லாதது என்ற பொருளுள்ள அந்தச் சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ட' என்பதால் வந்த குழப்பம். நம்மாழ்வாரின் பெயரான சடகோபனுக்கும் சடைக்கும் தொடர்பில்லை. குழந்தையைப் பிறந்தவுடன் பற்றும் 'சடம்' என்ற வாயுவைக் கோபித்து விரட்டியவர் என்பது வைணவர்கள் சொல்லும் விளக்கம்.

முனிவரின் சிக்குப் பிடித்த முடியும் சடை, தினமும் வாரிப் பின்னி என் பேத்திக்குப் பூ வைக்கிறேனே அதுவும் சடையா? (போர்ட் லூயி)

அம்மா, நீங்கள் கேட்டதைத்தான் நானும் பல வருஷம் யோசித்திருக்கிறேன். பழைய தமிழில் சடை என்றால் பெரும்பாலும் தவசியின் முடிதான். புறநானூற்றின் 252ஆம் பாட்டில் ஒருவன் வருகிறான். அருவி நீரில் நனைந்து நனைந்து நிறம் மாறிய சடையோடு தாளி இலை பறிக்கிறான். அவனே முன்பு சொல் என்னும் வலை வீசி, வீட்டில் இருந்த மயில் போன்ற பெண்ணைப் பிடித்த வேட்டுவன். ஐந்தே வரியில் ஒரு வாழ்க்கை முழுக்க மாறிப்போனதை அந்தச் சடை சொல்லிவிடுகிறது.

அப்புறம் எப்படி உங்கள் பேத்தியிடம் வந்தது? இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்வதுதான் இந்தச் சொல்லின் உயிர். வாராத தலையில் உதிரும் முடி கீழே விழாமல் மற்ற முடியிலேயே மாட்டி, மாதக்கணக்கில் கயிறாகிறது. நீங்கள் மூன்று கால் பிரித்துப் பின்னும்போது அதையே கையால் ஒழுங்காகச் செய்கிறீர்கள். வேதம் ஓதுவதில் ஜடா பாடம் என்று ஒரு முறை உண்டு: முதல் சொல், இரண்டாம் சொல், திரும்ப இரண்டு, ஒன்று, மறுபடி ஒன்று, இரண்டு. அடுத்து இரண்டும் மூன்றும் இதேபோல. சொற்களுக்குப் பின்னல் போடுகிறார்கள்! பேத்தியின் தலையைப் பின்னும்போது அதைச் சொல்லிப் பாருங்கள், கை தானாகப் புரிந்துகொள்ளும்.

தாத்தாவின் அப்பா பெயர் சடையன். சாமி பெயரா? (கியூர்பிப்)

ஆமாம், சிவன் பெயர். சுந்தரரின் தந்தை சடையனார், அறுபத்துமூவரில் ஒருவர். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூடினார்கள். பெருமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தா மதக்காரர்களின் சடைமுடியும் நம் சாமியார்களிடமிருந்து போனதா?

1845 முதல் ஜமைக்காவுக்கு இந்தியக் கூலிகள் போனார்கள், கஞ்சா என்ற சொல்லும் போனது. அதனால் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ராஸ்தாக்கள் காட்டுவது பைபிளில் உள்ள, முடியை வெட்டாமல் இருக்கும் நசரேய விரதத்தை. அவர்கள் சொல்வதை மதிப்பதே முறை என்பேன்.

தேங்காய்க்கும் ஜட்டா உண்டாமே?

உண்டு. பூசைக்குத் தேங்காய் வாங்கப் போனபோது கடைக்காரம்மா "ஜட்டா இருக்கிறதா, இல்லாததா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஒரு காயை எடுத்து, உச்சியில் விட்டிருந்த நாரை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். சமஸ்கிருதத்திலேயே நார்நாரான வேருக்கும் ஜடா என்று பெயர் உண்டு. நாம் குடுமி என்கிறோம், அவர்கள் ஜட்டா என்கிறார்கள். குடுமியோடுதான் வாங்கி வந்தேன்.