அட்டைக் கடி, கல்சியம், கொழுப்பு: இரத்தம் உறைவது பற்றிய கேள்விகளுக்குப் பதில்

பல வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் உங்கள் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொகவந்தலாவை அக்கா: மலையில் அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்போம். அதிலுள்ள கல்சியத்தால்தான் இரத்தம் நிற்கிறதா?

இல்லை அக்கா. சுண்ணாம்பின் காரம் தாங்காமல் அட்டை விழுகிறது, அவ்வளவுதான். உறைவதற்கு வேண்டிய கல்சியம் இரத்தத்திலேயே இருக்கிறது. அட்டையின் எச்சிலில் உள்ள ஒரு புரதம் த்ரொம்பினை மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தைக் கட்டியாக்கும் ஃபைப்ரின் நூலைத் திரிப்பதே த்ரொம்பின்தான். அது சிக்கிக்கொண்டால் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், தோல் வெந்துபோகும்.

தலவாக்கலை, உயர்தரம் படிக்கும் தங்கச்சி: அப்படியென்றால் கல்சியத்துக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி, தங்கச்சி. உறைதல் காரணிகளில், அதாவது இரத்தம் உறைய உதவும் புரதங்களில், 2, 7, 9, 10 ஆகிய நான்குக்கும் ஒரு முனையில் கல்சியம் உட்காரும் இடங்கள் உண்டு. கல்சியம் வந்து உட்கார்ந்ததும் அந்த முனை மடிந்து, கொழுப்புப் படலத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கொழுப்பின் பெயர் பொஸ்பற்றிடைல்செரின். சும்மா இருக்கும் குருதிச் சிறுதட்டில் (பிளேட்லெட்) அது உள்பக்கம் மறைந்திருக்கும். காயம் பட்டால்தான் வெளிப்பக்கம் புரளும். கொழுப்புதான் மேடை, கல்சியம்தான் கொக்கி.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீல மூடிக் குழாயில் 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். சிட்ரேட் கல்சியத்தைக் கட்டிவைப்பதால் இரத்தம் உறையாது. சுழற்றினால் மேலே வெளிர் மஞ்சள் பிளாஸ்மா தெளியும். அதைக் கொழுப்புக் கலந்த பரிசோதனைத் திரவத்தோடு 37 பாகையில் சிறிது நேரம் வைத்து, கல்சியம் குளோரைட் விடுவோம். அரை நிமிடம் போலத் தண்ணீராக ஆடும்; அப்புறம் திடீரென்று ஜெலி மாதிரி இறுகிவிடும். எத்தனை தடவை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

பண்டாரவளை தங்கச்சி: "இரத்தம் பால் மாதிரி இருக்கிறது, திரும்ப வாருங்கள்" என்று என் கணவரை அனுப்பிவிட்டார்கள்.

ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்புக் கூடியிருக்கும். ஒளியை வைத்து உறைதலைக் கணிக்கும் இயந்திரம் அந்தக் கலங்கலில் தடுமாறும். ஆனால் பரிசோதனைக்கு வந்த இடைஞ்சல் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ட்ரைகிளிசரைட் கூடியவர்களிடம் 7ஆம் காரணியும், கட்டியைக் கரையவிடாத பி.ஏ.ஐ.-1 என்ற புரதமும் கூடுதலாக இருப்பது வழக்கம். டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மஸ்கெலியா தம்பி: அம்மா இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை குடிக்கிறார். பொன்னாங்காணியை நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம் தம்பி, அளவை மாற்றாமல் கொடுங்கள். முன்னே சொன்ன கல்சியம் உட்காரும் இடத்தை ஈரலில் செய்துகொடுப்பது கீரையில் உள்ள விற்றமின் கே. வார்ஃபரின் அதைத் தடுக்கிறது. ஒரு வாரம் கீரைச் சுண்டலாகவே சாப்பிட்டு, மறுவாரம் இலையையே தொடாவிட்டால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி இறங்கும்.

இறாகலை அண்ணன்: கல்சியம் மாத்திரை இரத்தத்தைக் கட்டியாக்குமா?

ஆக்காது அண்ணன். இரத்தக் கல்சியத்தை உடம்பு ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கிறது. நிறைய இரத்தம் ஏற்றும்போது மட்டும் கதை வேறு: பையிலுள்ள சிட்ரேட் நோயாளியின் கல்சியத்தையும் கட்டிவிடும். அதனால்தான் சிலருக்குக் கூடவே கல்சியம் ஊசியும் போடுகிறார்கள்.