தலையில் இடிக்கும் ரூஃப் லைனிங்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது 2003 மாடல் செடான் கார். ரூஃப் துணி நடுவில் பை மாதிரி தொங்கி, பின்சீட்டில் உட்காருபவர் தலையில் படுகிறது. துணி கிழியவில்லை, வெளுக்கவும் இல்லை. சிரிஞ்சில் பசை ஏற்றி அங்கங்கே குத்தி ஒட்டிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கெட்டுப்போனது துணி இல்லை; துணிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச். ரூம் லைட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக விரலை விட்டுத் துணியின் பின்பக்கம் தேய்த்துப் பாருங்கள். கடுகு நிறத்தில் பிசுபிசுவென்று தூள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் ஸ்பாஞ்சாக இருந்தது அதுதான்.

உங்கள் கார் வகையில் கூரைத் தகரத்துக்கு அடியில் அச்சில் வார்த்த போர்டு ஒன்று இருக்கும். சுமார் 3 மி.மீ. ஸ்பாஞ்சைத் துணியோடு சேர்த்தே தயாரித்து, ஸ்பாஞ்ச் பக்கத்தைப் போர்டில் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். பல வருட வெயிலும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அதை உள்ளுக்குள்ளேயே உதிர்த்துவிடும். சிரிஞ்சில் ஏற்றும் பசை துணியைப் போர்டோடு ஒட்டாது, தூளோடுதான் ஒட்டும். அடுத்த சித்திரை வெயிலுக்கு மறுபடி தொங்கும். அதோடு, ஈரப் பசை துணியில் ஊறி ஊசி குத்திய இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறை தெரியும். அது போகவே போகாது.

திருகு மாதிரி இருக்கும் பின்களைப் போர்டில் குத்தித் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்தலாம். பின்கண்ணாடியை மறைக்கிற அளவுக்குத் தொங்கினால், வேலைக்கு விடும் வரை அப்படியாவது செய்யுங்கள். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கேள்வி: போர்டு வகை லைனிங்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். இரண்டு பேர் வேண்டும். பசை காயும் நேரத்தையும் சேர்த்து இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும் ரூஃப் துணி என்று கேட்டு வாங்குங்கள். அகலம் பெரும்பாலும் 54 முதல் 60 அங்குலம் இருக்கும். போர்டின் அதிகபட்ச நீளத்தோடு 20 செ.மீ. கூட்டிக்கொண்டால் போதும். நடுத்தர செடானுக்கு 2 மீட்டர் சரியாக இருக்கும். மூன்று வரிசை சீட் வண்டிக்கு 3 மீட்டரும் தாண்டலாம், அளந்துவிட்டு வாங்குங்கள். கடையிலேயே துணியை இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீளும் துணி வைசர் குழியிலும் லைட் குழியிலும் இறங்காது.

பசை, வெப்பம் தாங்கும் சிந்தெடிக் ரப்பர் வகை, 1 லிட்டர். மர வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை இந்த இடத்துக்கு ஆகாது; சூட்டில் இளகிவிடும். இதோடு நைலான் பிரஷ், மூக்குக்கு மாஸ்க், 3 அங்குலப் பெயின்ட் பிரஷ், புது பிளேடு, உங்கள் மாடலுக்கான டிரிம் கிளிப் பத்து. பழைய கிளிப்பில் பாதியாவது கழற்றும்போது உடையும், முன்னாலேயே வாங்கி வைப்பது நல்லது.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பில்லர் டிரிம்மில் (கூரையைத் தாங்கும் தூண்களின் உள்பக்க உறை) ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுதியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். போர்டின் ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும்.

இல்லையென்றால் ரூம் லைட், இரண்டு சன் வைசர், கைப்பிடிகள் (ஸ்க்ரூ ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும்), கதவு பீடிங் (கதவு வாசலைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை), பில்லர் டிரிம்கள் என்று வரிசையாக வாருங்கள். நடுப் பில்லர் டிரிம் வர சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைத் திரும்பப் பூட்டும்போது அரைகுறையாக விடாதீர்கள். விபத்தில் உயிரைத் தாங்குகிற போல்ட் அது. போர்டைக் கடைசியாகப் பிடித்திருக்கும் பின்பக்கக் கிளிப்களை எடுக்கும்போது கீழே ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். ஹேட்ச்பேக்கில் டிக்கி வழியாக வெளியே வந்துவிடும். செடானில் முன்சீட் ஒன்றைக் கழற்றிவிட்டு, முன்கதவு வழியாகச் சாய்த்து எடுங்கள். சீட்டைக் கழற்றச் சோம்பிப் போர்டை வளைத்தால் நடுவில் மடிப்பு விழும். புதுத் துணி போட்ட பிறகும் அந்த மடிப்பு ஒரு கோடாகத் தெரியும்.

அடுத்ததுதான் சலிப்பான வேலை, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய துணியை ஒரு மூலையிலிருந்து உரியுங்கள், கையோடு வரும். போர்டில் தங்கும் தூளை நைலான் பிரஷால் ஒரே திசையில் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் போர்டின் மேல்தோலைப் பிய்த்துவிடும், தண்ணீர் பட்டால் போர்டு உப்பும், இரண்டும் வேண்டாம். உள்ளங்கையால் தடவினால் தூள் ஒட்டக் கூடாது. இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்டில் வெடிப்பு இருந்தால் பின்பக்கமாகக் காடாத் துணிப் பட்டையை இதே பசையால் ஒட்டிக் காயவிடுங்கள்.

துணியைப் போர்டின் மேல் விரித்து, சுற்றிலும் இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, முன்பாதியைப் பின்னால் மடித்துப் போடுங்கள். போர்டின் அந்தப் பாதியிலும் துணியின் ஸ்பாஞ்சிலும் மெல்லிதாக, சீராகப் பசை பூசுங்கள். அப்படியே 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் நூல் இழுக்கக் கூடாது. பிறகு நடுவிலிருந்து முன்னோக்கி, உள்ளங்கையால் தடவியபடியே இறக்குங்கள். குழிகளில் துணியை இழுத்துக்கொண்டு போகாமல், முதலில் குழியின் அடியில் விரலால் படிய வைத்துவிட்டு மேலே ஏறுங்கள். ஸ்பாஞ்ச் நசுங்கும்படி அழுத்த வேண்டாம், விரல் தடம் அப்படியே நிற்கும். முன்பாதி முடிந்ததும் பின்பாதி.

ஓரத்தை ஓர் அங்குலம் விட்டு வெட்டிப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். லைட், வைசர் ஓட்டைகளை வட்டமாக வெட்ட வேண்டாம். பெருக்கல் குறி மாதிரி கீறி, நாக்குகளைப் பின்னால் மடித்தால் போதும். 24 மணி நேரம் நிழலில் தட்டையாகக் கிடக்கட்டும். அதற்குள் காரில் ஏற்றினால் வளைவுகளில் விட்டுக்கொடுக்கும்.

இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

கேள்வி: குஷன் கடையில் ரூஃப் துணி மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. துணி மட்டமா, பசை மட்டமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொப்புளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

வைசர் குழி, லைட் குழி, பக்கவாட்டு வளைவு ஆகிய இடங்களில் மட்டும் தூக்கியிருந்தால், துணியைக் குழிக்குள் இறக்காமல் பாலம் போட்ட மாதிரி இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். இறுக்கம் தாங்காமல் பிரிகிறது. நடுவில் பரவலாகச் சின்னச் சின்னக் கொப்புளமாக இருந்தால், பசை காயும் முன்பே மூடியிருக்க வேண்டும். உள்ளே மாட்டிய தின்னர் ஆவி வெயிலில் விரிந்து துணியைத் தூக்குகிறது. திட்டுத்திட்டாகப் பெரிய பரப்பே விட்டிருந்தால் பழைய தூளைச் சரியாகத் தேய்க்கவில்லை. துணியை லேசாக உரித்துப் பின்பக்கம் பாருங்கள், பழைய கடுகு நிறத் தூள் புதுப் பசையோடு சேர்ந்து வந்திருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் விட்டுப்போகும் இன்னொரு வழி உண்டு: மழை நாளில் ஒட்டுவது. பசையிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் வெண்மையாகப் படியும். அந்தப் படலத்தின் மேல் என்ன ஒட்டினாலும் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்படுத்தி வாங்காதீர்கள்.

முதல் வகைக்கு அந்த இடத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்யலாம். மற்ற இரண்டுக்கும் மறுபடி புதுத் துணிதான். உரித்த துணியின் ஸ்பாஞ்ச் கிழிந்துவிடுவதால் திரும்ப ஒட்ட முடியாது.

கேள்வி: 1986 அம்பாசடர். கம்பிகளில் கோத்த ரெக்ஸின் லைனிங் தையல் விட்டுக் கிழிந்துவிட்டது. புதிது போட்ட வண்டிகளில் பக்கவாட்டில் சுருக்கம் தெரிகிறது. அது வராமல் போட வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: இதில் போர்டும் கிடையாது, ஸ்பாஞ்சும் கிடையாது. துண்டு துண்டாக வெட்டித் தைத்த ரெக்ஸினின் ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கம் ஒரு துணிக்குழல் இருக்கும். அதற்குள் வளைந்த கம்பி ஓடி, கம்பியின் இரு முனையும் கதவுக்கு மேலே உள்ள ஓட்டைகளில் உட்காரும். அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும், யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற மோரிஸ் மைனரிலும் இதே முறைதான்.

பழைய லைனிங்கைக் கிழித்து எறியாதீர்கள், உங்களுக்கு அளவு அதுதான். கழற்றும்போதே முன்னாலிருந்து 1, 2, 3 என்று ஒவ்வொரு கம்பியிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், எந்த ஓட்டையில் இருந்தது என்பதையும் குறியுங்கள். கம்பிகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நீளமும் வளைவும் வேறு. மாறிப் போனால் எவ்வளவு இழுத்தாலும் துணி சீராக உட்காராது. துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழல் வழியாகத் துருக்கறை வெளியே இறங்கும். தகரத்தில் ஒட்டியிருக்கும் சணல் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கூரையை உள்ளிருந்து அரிக்கும்.

பழைய தையலைப் பிரித்துத் துண்டுகளைத் தரையில் விரித்து அளவெடுங்கள். சுற்றோரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். நடுத் துண்டுகளின் அகலத்தை மாற்ற வேண்டாம். குழலை ரெக்ஸினால் செய்யாமல் காடாத் துணியால் தையுங்கள், கம்பி வழுக்கிக்கொண்டு போகும்.

நீங்கள் பார்த்த சுருக்கத்துக்குக் காரணம் அந்தக் குழலின் நீளம். குழல் துணியின் ஓரம் வரை போனால், பக்கவாட்டு வளைவில் ரெக்ஸினைக் கீழே இறங்கவிடாமல் கம்பியோடு பிடித்து நிறுத்தும். அதனால் லைனிங்கை மாட்டிய பிறகு, இரு முனையிலும் குழலை மட்டும் அரை அங்குலம் வெட்டி, துணியை இழுத்துப் பாருங்கள். சுருக்கம் மிச்சமிருந்தால் இன்னும் அரை அங்குலம். ஒரேயடியாக வெட்டினால் அந்த இடம் தொங்கும், திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. தையல் கடைக்காரர் பலர் இதை முன்கூட்டியே அளந்து வெட்டிக் கொடுப்பார்கள். வண்டியில் வைத்து வெட்டுவதுதான் முறை.

பூட்டும் முன் கூரையின் நடுக்கோட்டையும் துணியின் நடுக்கோட்டையும் சாக்பீஸால் குறியுங்கள். ரெக்ஸினை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளகிய பிறகு ஏற்றுங்கள். விறைப்பாக இருக்கும்போது பூட்டிய ரெக்ஸின் வெயிலில் நெகிழ்ந்து தொய்யும். பின்னாலிருந்து முன்னால் கம்பிகளை மாட்டி, ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே முன்–பின் இழுவையை முதலில் முடியுங்கள். பக்கவாட்டில் தையல் வரும் இடங்களை முதலில் இழுத்து, இடைப்பட்ட பகுதிகளைப் பிறகு இழுங்கள். அதுவரை கிளிப் மட்டும் போதும், பசை கடைசியில்.

முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் பழைய துணி ஓரம் போயிருந்தால் கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும். ரப்பரை நெம்பித் துணியை உள்ளே திணிப்பது வழக்கத்தில் இருக்கிறது. அடுத்த மழையில் டாஷ்போர்டு நனையும்.

கேள்வி: புது ரூஃப் துணியில் பின்பக்கம் பழுப்புக் கறை. கூரையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.
– வாசகர், சென்னை

பதில்: ஆன்டெனா வாஷர், கேரியர் போல்ட், கூரை ஓரத்து வாய்க்காலில் வெடித்த சீலன்ட், பின்கண்ணாடி ரப்பர் ஆகிய நான்கையும் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஹோஸில் தண்ணீரை வேகமில்லாமல் விடுங்கள். கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே புகுந்தது என்று தெரியாமல் போகும். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தகரத்தின் அடியில் சரிவைப் பிடித்து ஓர் அடிக்கு மேலும் ஓடிவந்து சொட்டும். பழுப்பு நிறம் போர்டிலிருந்து கரைந்து வருவது. ஒழுகலை அடைத்த பிறகும் துணியிலிருந்து முழுதாகப் போகாது.

கேள்வி: ரூஃப் துணிக்குப் பதில் சோபா துணி ஒட்டலாமா? விலை குறைவாகக் கிடைக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்பாஞ்ச் இல்லாத துணியில் போர்டின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும், பசையும் ஊறி வெளியே வரும். கனமான வெல்வெட் என்றால் அதன் எடையே பசையை இழுக்கும். மிச்சமாகும் பணத்தைவிட இரண்டாம் முறை கூலி அதிகம்.