வாசகர் கேள்வி, வக்கீல் பதில்: இங்கேதான் குடியிருக்கிறேன் என்று எப்படிக் காட்டுவது?

கேள்வி: எனக்கு 64 வயது. திருவாடானைப் பக்கம் சொந்த ஊர். வீட்டுக்காரர் காலமான பிறகு பிழைப்புக்காகக் கானாடுகாத்தான் வந்தேன். ஒரு செட்டியார் வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொண்டு பின்கட்டிலேயே எட்டு வருஷமாக இருக்கிறேன். முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டால், ஆதாரும் ரேஷன் கார்டும் திருவாடானை முகவரியில் இருக்கிறது, இங்கே ஆகாது என்கிறார்கள். அங்கே போனால், நீ இங்கே குடியில்லையே என்கிறார்கள். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு கடிதம் கேட்டேன். நாளைக்கு வீட்டில் உரிமை கொண்டாடுவாய் என்று பயந்து தர மறுக்கிறார்கள். நான் எந்த ஊர்க்காரி என்று யாரிடம் போய்க் கேட்பது?
(வாசகி, கானாடுகாத்தான். பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது)

பதில்: அம்மா, நீங்கள் கானாடுகாத்தானில் குடியிருப்பவர். அதில் சந்தேகமே வேண்டாம். அதைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் நம் வேலை.

முதலில் உங்கள் முதலாளிகளுக்குச் சொல்கிறேன், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். ஐயா, ஆச்சி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. உங்கள் அனுமதியின் பேரில் ஒருவர் தங்கியிருந்தால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அது வெறும் அனுமதிதான். அதனால் சொத்தில் அவருக்கு எந்தப் பாத்தியமும் வராது. காவலாளியோ, வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த வீட்டில் உரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு வருஷ அனுபவ பாத்தியம் என்று ஊரில் பேசிக்கொள்வது, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவர் அனுமதி இல்லாமல் அனுபவித்தால்தான் வரும். 'எங்கள் அனுமதியோடு தங்கியிருக்கிறார்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடிதம் கொடுப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு, கொடுக்காமல் இருப்பது இல்லை.

நான் எழுதித் தருகிற வாசகம் இதுதான்: 'இன்னார் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். இன்ன வருஷம் முதல் எங்கள் அனுமதியின் பேரில், வாடகை இல்லாமல், இந்தக் கதவு எண்ணில் குடியிருக்கிறார். வீட்டில் அவருக்கு உரிமை எதுவும் இல்லை. அரசு நலத்திட்டங்களுக்கு முகவரி காட்டுவதற்காக இக்கடிதம் தரப்படுகிறது.' கூடவே வீட்டு வரி ரசீது நகல் ஒன்று. நம் பக்கத்து வீடுகளில் பங்காளிகள் பத்து பேருக்குப் பங்கு இருக்கும், கரண்ட் கார்டு இன்னும் அய்யா காலத்துப் பெயரில் இருக்கும். அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சாவியைக் கொடுத்து, மாதச் சம்பளம் அனுப்புகிறவர் போட்டால் போதும். அவர் சொத்து எதையும் எழுதி வைக்கவில்லை, நடப்பதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அவர்கள் அப்போதும் தரவில்லை என்றால்? வழி அடைபட்டுவிடவில்லை, அம்மா. ஆதாரில் முகவரி மாற்ற, ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ்ப் படிவம் வைத்திருக்கிறது. உங்கள் போட்டோவை ஒட்டி, தாசில்தாரோ, எம்.எல்.ஏ.வோ, பச்சை மைக் கையெழுத்துப் போடும் அதிகாரியோ சான்றளிக்கலாம். கையெழுத்து வாங்கிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆதார் மையத்தில் கொடுத்துவிடுங்கள். சான்று கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தபால் ஆபீஸ் பாஸ்புக், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை வாங்கும் நோட்டு, உங்கள் பெயருக்கு இந்த விலாசத்தில் வந்த தபால் எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும் அன்று பக்கத்து வீட்டார் இரண்டு பேர் கூட நிற்கட்டும். பாதி வேலை அவர்கள் வாய்ச்சொல்லில்தான் முடியும்.

வரிசை முக்கியம். முதலில் ஆதார். அது மாறிய பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கார்டு முகவரி. அதற்குப் பிறகு இ-சேவை மையத்தில் பென்ஷன் மனு. மனு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்குப் போகும். 2023 ஆகஸ்டில் தொகையை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகத் தள்ளிவிட யாருக்கும் அதிகாரம் இல்லை. எழுத்தில் இருந்தால் கோட்டாட்சியரிடமும், சிவகங்கையில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் காட்டிக் கேட்கலாம்.

இன்னொன்று, அரிசி வாங்க இனிமேல் திருவாடானைக்குப் பஸ் ஏறாதீர்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம்.

கேள்வி: காரைக்குடியில் மெஸ் நடத்துகிறேன். பீகாரிலிருந்து வந்த ஒரு தம்பதி வேலை பார்க்கிறார்கள். இங்கே ரேஷன் வாங்க அவர்களுக்கு நான் வாடகைப் பத்திரம் போட்டுத்தர வேண்டுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: ரேஷனுக்கு வேண்டாம். அவர்கள் ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கார்டு இருந்து, அதில் ஆதார் இணைந்திருந்தால், கார்டு எண்ணைச் சொல்லி இங்கே கைரேகை வைத்தால் போதும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது. எல்லா மாநிலங்களும் இதை 2021 ஜூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அவர்களுக்குக் கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும். பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், மொத்தத்தையும் இங்கே எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளும் பேரனும் பிரிட்டிஷ் பிரஜைகள். மாப்பிள்ளை தவறிய பிறகு மூன்று வருஷம் எங்களோடு தேவகோட்டையில் இருந்துவிட்டு, பேரன் படிப்புக்காக லண்டன் திரும்பினார்கள். வேலை கிடைக்கும்வரை யுனிவர்சல் கிரெடிட் என்ற பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகைக்கு மகள் விண்ணப்பித்தாள். 'வழக்கமாக இங்கே வசிப்பவர் என்று நிரூபணமாகவில்லை' என்று மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டே அந்த நாட்டினது, பிறகு என்ன நிரூபணம்?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: நகரத்தார் கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரியைக் கட்டிவிட்டால் எந்த தேசத்தில் இருந்தாலும் கோயிலில் நம் பெயர் நிற்கும். பிரிட்டனின் உதவித்தொகை அப்படிப்பட்டதில்லை, ஐயா. 1994 ஆகஸ்டிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தப் பிரஜையும் அங்கே நிலையாக வசிக்கிறார் என்று காட்டியாக வேண்டும். தங்கிவிடும் எண்ணம் இருக்க வேண்டும், ஓரளவு காலம் உண்மையாகவே வசித்திருக்கவும் வேண்டும். அந்தக் காலம் வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம்.

மகளுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. 1999இல் நெஸ்ஸா என்ற வங்கதேசப் பெண்ணின் வழக்கில், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, முதன்முறையாக வருகிறவர் கொஞ்ச காலம் வசித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் முன்பு அங்கே வாழ்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வருகிறவரின் நிலை வேறாக இருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் போவதற்கு முன் எத்தனை வருஷம் அங்கே இருந்தாள், ஏன் வந்தாள், ஏன் திரும்பினாள் என்பதைத் தேதியோடு கதையாகவே எழுதச் சொல்லுங்கள்.

இங்கிருந்து நீங்கள் அனுப்ப வேண்டியவை: மாப்பிள்ளையின் இறப்புச் சான்று, பேரனின் மாற்றுச் சான்றிதழ், ஒருவழி விமான டிக்கெட், சாமான் அனுப்பிய ரசீது. அங்கே அவள் சேர்க்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், சிநேகிதி வீடென்றால் அவர் கடிதம், டாக்டரிடம் பதிந்த தாள், பள்ளியில் இடம் கிடைத்த கடிதம், வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள்.

பூர்வீக வீட்டில் அவள் பெயரில் பங்கு இருந்தால் மறைக்கவே கூடாது. வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும். மொத்தம் 16,000 பவுண்டைத் தாண்டினால் அந்த உதவி கிடையாது. பிரிக்காத பங்குக்கு விலை என்ன என்று இங்கே ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள்.

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு மாதம். பதில் வரட்டும் என்று சும்மா இருக்க வேண்டாம், இன்றைக்கே புதிதாக இன்னொரு விண்ணப்பமும் போடச் சொல்லுங்கள். முதல் மனு நடக்கும்போதே நாட்கள் கூடிவிடும், இரண்டாவது மனுவில் அந்த நாட்களே அவளுக்குச் சாட்சி. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் அலுவலகத்தில் காசு வாங்காமல் உதவுவார்கள். மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அங்கே போகட்டும்.