ஏழடி ரஷ்யர்களும் தம்பியின் கணக்குப் பாடமும்

வணக்கம் சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மகன், நம் தம்பி, பாஸ்கெட்பால் ஆடுகிறான். பிளஸ் ஒன், வயது 16, உயரம் ஆறடி ஐந்து அங்குலம், இன்னும் வளர்கிறான். கோச், "கணக்கு இருக்கிற குரூப்பை விட்டு எளிதான குரூப்புக்கு மாற்றுங்கள், காலையும் மாலையும் கிரவுண்டுக்கு வரட்டும்" என்கிறார். தம்பியோ திமோஃபி மொஸ்கோவ் என்ற ரஷ்ய சென்டர் (கூடைக்கு அருகில் நின்று ஆடும் உயரமான ஆள்) ஆட்டக்காரர் நான்கு வருடத்துக்கு 64 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்ட செய்தியைப் போனில் காட்டி, "இவருக்குக் கணக்கா சோறு போட்டது?" என்று கேட்டிருக்கிறான். நீங்கள் பதில் சொல்லத் தெரியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரூப்பை மாற்றாதீர்கள். பந்தையும் பிடுங்காதீர்கள். ஏன் என்பதைத் தம்பி காட்டிய அந்த ரஷ்யரை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அவன் பார்த்தது அந்த மனிதரின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை. இந்தக் கடிதத்தை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மொஸ்கோவ் 1986ல் லெனின்கிராடில் பிறந்தவர், உயரம் 2.16 மீட்டர், அதாவது ஏழடி ஒரு அங்குலம். அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீகான என்பிஏவில் ஒரு விதி உண்டு: வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு 22 வயதாகும் ஆண்டில் அவர் பெயர் தானாகவே டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு, போய்விடும். இரண்டு சுற்றில் மொத்தம் 60 பேரை எடுப்பார்கள். 2008ல் மொஸ்கோவின் முறை வந்தது. அந்த 60ல் அவர் பெயர் இல்லை. ஏழடிக்கு மேல் உயரம் இருந்தும் முப்பது அணிகளில் ஒன்றுகூட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் மாஸ்கோவை ஒட்டிய கிம்கி என்ற ஊரின் கிளப்பில் தொடர்ந்து ஆடினார். இரண்டு வருடம் கழித்து, 2010ல்தான் நியூயார்க் நிக்ஸ் அணி அவரை நேரடியாக ஒப்பந்தம் செய்து கூட்டிக்கொண்டு போனது.

சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே, 2010 நவம்பரில், பிளேக் கிரிஃபின் என்ற எதிரணி ஆட்டக்காரர் அவர் தோளுக்கு மேலே எழும்பி அடித்த டங்க் (பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணிப்பது) உலகம் முழுக்கச் சுற்றியது. யார் தலைமேல் யார் டங்க் அடித்தாலும் மொஸ்கோவின் பெயரையே வினைச்சொல்லாக்கிச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. 24 வயதுப் பையன், புது நாடு, அதற்கு நடுவில் இது. அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் சென்டர் ஆடுகிறவனுடைய வேலையே கூடையைக் காப்பது, காக்கப் போகிறவன் தலைமேல்தான் டங்க் விழும். ஒதுங்கி நின்றவனுக்கு அந்த அவமானம் வராது, அவனுக்கு வேலையும் நிலைக்காது.

2011 பிப்ரவரியில் கார்மெலோ ஆன்டனி என்ற நட்சத்திர ஆட்டக்காரரை வாங்குவதற்காக நியூயார்க் கொடுத்த ஆட்களில் ஒருவராக டென்வருக்குப் போனார். 2015 ஜனவரியில் டென்வர் அவரைக் கிளீவ்லண்டுக்குக் கொடுத்தது. அந்த வருடம் ஜூனில் நடந்ததைத்தான் நான் உங்களுக்குக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

2015 இறுதித் தொடர், கிளீவ்லண்டும் கோல்டன் ஸ்டேட்டும். நான்காவது ஆட்டத்தில் மொஸ்கோவ் 28 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). லெப்ரான் ஜேம்ஸ் என்ற பெரிய நட்சத்திரம் இருந்த அணியில் அன்று அதிகம் அடித்தவர் இவர்தான். ஆனால் ஆட்டத்தை ஜெயித்தது கோல்டன் ஸ்டேட், 103-82. காரணம், அன்று அவர்கள் தங்கள் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, உயரம் குறைந்த, வேகமான ஐந்து பேரை இறக்கினார்கள். அவர்கள் ஓடினார்கள், தூரத்திலிருந்து எறிந்தார்கள், கூடைக்கு அடியில் நிற்கும் ஏழடி ஆளை வெளியே இழுத்தார்கள். மூன்று நாள் கழித்து ஐந்தாவது ஆட்டம். மொஸ்கோவுக்குக் கிடைத்தது 9 நிமிடம். புள்ளி பூஜ்ஜியம். காயம் இல்லை, ஒழுங்கு நடவடிக்கை இல்லை, அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் பார்த்த வேலையின் தேவையே அந்த மூன்று நாளில் குறைந்துவிட்டது.

ஐடி துறையில் 45 வயதில் திடீரென்று வேலை போனவர்கள் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வதும் இதேதான். "நான் நன்றாகத்தானே செய்துகொண்டிருந்தேன்?"

அப்படியானால் 64 மில்லியன் எங்கிருந்து வந்தது? 2016 கோடையில் என்பிஏவின் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் உள்ளே வந்தது, ஒவ்வொரு அணியின் சம்பள வரம்பும் 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரே வருடத்தில் ஏறியது. எல்லா அணிகளிடமும் பணம், வாங்குவதற்கு ஆள் போதவில்லை. அந்த ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் லேக்கர்ஸ் அணி மொஸ்கோவுக்கு அந்தத் தொகையைக் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம் இறுதித் தொடரில் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை சார், ஆறு வருடம் அந்த லீகில் நிலைத்து நின்றதால்தான் அந்த நாளில் அவர் அங்கே இருந்தார். ஆனால் அந்த நாள் வரும் என்று கணக்குப் போட்டு யாரும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. லேக்கர்ஸில் ஒரு சீசன், 54 ஆட்டம். 2017ல் புரூக்ளினுக்குத் தள்ளிவிட்டார்கள், அடுத்த வருடம் ஷார்லட், உடனே ஆர்லாண்டோ. 2018-19 சீசனில் முழங்கால் காரணமாக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பணம் உறுதியானது, அது வந்துவிடும். என்பிஏ ஆட்டம் 31 வயதோடு முடிந்தது.

இப்போது தம்பி போனில் தேடாத இன்னொருவரைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

சாஷா கௌன். சைபீரியாவில் டோம்ஸ்க் என்ற ஊர், 1985ல் பிறந்தவர், 2.11 மீட்டர். உங்கள் மகனின் வயதில், அதே 16ல், வீட்டைவிட்டு ஃபுளோரிடாவில் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்குப் போனார். அங்கிருந்து கான்சாஸ் பல்கலைக்கழகம். அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் கான்சாஸ் என்றால் சாதாரண இடம் இல்லை, ஆண்டுக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல், விமானப் பயணம், ஹோட்டல், இரவு ஆட்டம். இதற்கு நடுவில் அவர் எடுத்த பாடம் கணினி அறிவியல். ஆட்டக்காரர்களுக்கு வசதியான இலகுவான பாடங்கள் அங்கேயும் உண்டு, அவர் அதை எடுக்கவில்லை.

2008 ஏப்ரலில் கான்சாஸ் தேசிய சாம்பியன், மெம்ஃபிஸை கூடுதல் நேரத்தில் 75-68 என்று ஜெயித்தது. அந்த வருடம் கௌன் பெஞ்சிலிருந்து இறங்குகிறவர். ஆனாலும் ஸ்டெஃபன் கரி ஆடிய டேவிட்சன் கல்லூரியை 59-57 என்று தப்பிப் பிழைத்து ஜெயித்தார்களே, அந்த நெருக்கடியான ஆட்டத்தில் இவர் 13 புள்ளி அடித்தார். ஜூனில் டிராஃப்ட். 60 பேரில் 56வது பெயர். அவரை ஆடவைக்கும் உரிமை கிளீவ்லண்டுக்குப் போனது, ஆனால் அவர் அங்கே போகவில்லை, மாஸ்கோவின் சிஎஸ்கேஏவில் சேர்ந்தார். பழைய ராணுவ விளையாட்டுக் கிளப், ஐரோப்பாவின் பெரிய பெயர்களில் ஒன்று. ஏழு சீசன் அங்கே. சக ஆட்டக்காரருக்கு இடம் கிடைக்க எதிரணிக்காரரை மறித்து நிற்பது, ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பது, எதிரணி சென்டரை முதுகால் தாங்குவது, இதுதான் அவர் வேலை. 2012ல் ஐரோப்பிய லீக் இறுதியாட்டத்தில் 19 புள்ளி முன்னிலையில் இருந்த சிஎஸ்கேஏ கடைசி நொடியில் கிரேக்க அணியான ஒலிம்பியாகோஸிடம் 62-61 என்று தோற்றது. அதே வருடம் ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில் ரஷ்யா அர்ஜென்டினாவை 81-77 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் கௌன், மொஸ்கோவ் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அந்த அணியின் பயிற்சியாளர் டேவிட் பிளாட். அவரே 2014ல் கிளீவ்லண்டுக்குப் பயிற்சியாளராகப் போனார். அவர் போன பிறகுதான் மொஸ்கோவும் அங்கே போனார், 2015ல் 30 வயதில் கௌனும் போனார். திறமை இருந்தால் போதும், தானாகக் கூப்பிடுவார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உன்னோடு வேலை செய்தவர், உன்னை நம்பலாம் என்று தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். (பிளாட்டையே அந்த சீசன் நடுவில், 30 ஜெயிப்பு 11 தோல்வி என்று அணி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே வேலையை விட்டு அனுப்பினார்கள். இந்தத் தொழில் அப்படி.)

2016 ஜூனில் ஏழு ஆட்ட இறுதித் தொடரில் கிளீவ்லண்ட் 3-1 என்று பின்தங்கியிருந்து கோப்பையை ஜெயித்தது. என்பிஏ சாம்பியன் ஆன முதல் ரஷ்யர்கள் இந்த இருவரும்தான். கௌன் அந்த சீசன் முழுக்க ஆடியது 25 ஆட்டம். செப்டம்பரில், 31 வயதில், ஓய்வை அறிவித்தார். ஒரே அணி, ஒரே கோப்பை, ஒரே கோடை. ஒருவர் 64 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் ஷூவைக் கழற்றினார். கழற்றியவர் கையில் கணினி அறிவியல் பட்டம் இருந்தது, 31 வயது என்பது அந்தப் பட்டத்துக்கு ஒரு வயதே இல்லை.

மூன்றாவதாக ஒருவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாவெல் போட்கோல்சின், நோவோசிபிர்ஸ்க்காரர், ஏழடி ஐந்து அங்குலம். 2004 டிராஃப்டில் 21வது பெயர், முதல் சுற்று. கௌனைவிட, மொஸ்கோவைவிட எவ்வளவோ நல்ல தொடக்கம். டல்லஸ் அணிக்காக இரண்டு சீசனில் அவர் ஆடியது மொத்தம் 6 ஆட்டம். அவருக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருந்தது. பிறகு ரஷ்யாவுக்கே திரும்பி ஆடினார். தம்பி ஒரே வருடத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது பரம்பரை உயரம்தான், உங்கள் மச்சினரும் ஆறடிக்கு மேல் என்கிறீர்கள். ஆனால் ஒரு தடவை ஹார்மோன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள், இன்னும் எவ்வளவு வளர வாய்ப்பு என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடும். முழங்கால் வலி என்று சொன்னால், "பயிற்சி செய்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். தம்பி வெளியே போய் ஆட வேண்டும் என்றால் நடைமுறையில் இருக்கிற நல்ல வழி கௌன் போன வழிதான், அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. அங்கே முதல் டிவிஷனில் ஆட, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அதில் மூன்று வருடம் கணக்கு, இயற்கணித நிலையிலோ அதற்கு மேலோ. நான்கு வருடம் ஆங்கிலம். இரண்டு வருடம் அறிவியல். இந்தப் பாடங்களின் சராசரி நான்குக்கு 2.3 இருக்க வேண்டும். கோச் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நேரம் மிச்சம் பிடிக்கக் கணக்கை விட்டால் அந்தப் பாஸ்கெட்பால் கதவே இறுகிவிடும். இதைத் தம்பிக்குச் சொல்லிப் புரியவைத்தீர்கள் என்றால், கணக்குப் புத்தகத்தை எடுக்க நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

நீங்கள் கடைசி வரியில் கேட்டிருந்த ஏஜென்ட் விஷயம். ஐரோப்பாவில் பயிற்சி முகாம், கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் ஆறு லட்சம் என்கிறாராம். கொடுக்காதீர்கள் சார். ஒழுங்கான ஏஜென்ட் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வந்த பிறகு அதிலிருந்து கமிஷன் எடுப்பார், என்பிஏவில் அதற்கும் 4 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆட்டக்காரன் வீட்டில் முதலில் பணம் வாங்குகிறவரின் வருமானம் உங்கள் மகன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்கு வந்துவிடுகிறது. அதோடு இப்போது ரஷ்யாவிலேயே நிலைமை வேறு. 2022ல் அங்குள்ள கிளப்புகளை ஐரோப்பிய லீகிலிருந்தும், தேசிய அணியைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் விலக்கினார்கள். கௌனுக்குக் கிடைத்த மேடை இன்றைக்கு அதே ஊரில் பிறக்கும் பையனுக்கே கிடைப்பது கஷ்டம்.

தம்பிக்கு நேரடியாக இரண்டு வார்த்தை. தம்பி, உன் வயதில் ஆறடி ஐந்து என்பது உன் பள்ளியில் பெரிய உயரம், அந்த உலகத்தில் அது கார்டு ஆடுகிறவனின், அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிறவனின் உயரம். அதனால் கூடைக்கு அடியிலேயே நின்றுகொண்டு குட்டைப் பையன்கள் தலைக்கு மேலே பந்து போட்டுப் பழகாதே. பந்தைத் தரையில் தட்டி ஓட்டிப் பழகு, ஃப்ரீ த்ரோ எறி, தூரத்திலிருந்து எறி, இடது கையால் முடிக்கப் பழகு. கோச் சென்டரில் நிறுத்தினால் நில், ஆனால் பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் தனியாக இதைச் செய். ஏழடி மொஸ்கோவுக்கே அன்று 9 நிமிடம்தான் கிடைத்தது என்பதை மறக்காதே.

சார், மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். காலாண்டுத் தேர்வு மார்க்கையும், ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவையும் அனுப்புங்கள், அடித்த பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டியது வேண்டாம், தவறவிட்டதும் இருக்கட்டும். அதோடு அடுத்த கடிதத்தை உங்களுக்குப் பதில் தம்பியே எழுதட்டும்.